குடிசை நின்ற மண்

தஞ்சை வட்டாரத்தில் ஒரு பண்ணையாளை அடிக்காமலே பணிய வைக்க மிராசுதாருக்கு ஒரு வழி இருந்தது: "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ." கூலியைக் குறைப்பேன் என்றால் பட்டினி கிடந்தாவது எதிர்த்துப் பேசலாம். வேலை இல்லை என்றால் பக்கத்து ஊருக்குப் போகலாம். ஆனால் குடிசையின் கூரை மட்டும்தான் பண்ணையாளுடையது. மூங்கிலும் கீற்றும் அவருடையவை, அவை நின்ற மண் மிராசுதாருடையது. பெண்டாட்டி பிள்ளைகளோடு பொழுது சாய்வதற்குள் எங்கே போவது?

காவிரி டெல்டாவின் சமூக மாற்றத்தைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அணையிலிருந்தோ, நிலச் சீர்திருத்தச் சட்டங்களிலிருந்தோ, கட்சி அரசியலிலிருந்தோ தொடங்குகிறார்கள். மூன்றும் முக்கியமானவைதான். ஆனால் அந்தக் குடிசை நின்ற நாலைந்து குழி மண் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு 19, 20ஆம் நூற்றாண்டுகளைக் கடந்து பார்த்தால், எந்த மாற்றம் ஆழமானது, எது பெயர் மாற்றம் மட்டுமே என்பது தெளிவாகத் தெரிகிறது.

1799-இல் இரண்டாம் சரபோஜி தஞ்சை நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். கோட்டையும் அரண்மனையும் அவரிடம் தங்கின. வயல்கள் கம்பெனியின் வரிக்கணக்குக்குள் போயின. 1855-இல் அவருடைய மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தபோது அரச பட்டமும் முடிந்தது. கம்பெனி இங்கே கண்ட நில முறைக்கு மிராசு என்று பெயர், பழைய சொல்லில் காணியாட்சி. ஊரின் நஞ்சையும் புஞ்சையும் தோப்பும் குளமும் பல பங்குகளாக இருக்கும். பல ஊர்களில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை பங்குகளை மாற்றிக்கொள்ளும் கரையீடும் உண்டு. யார் பயிர் செய்வது, எந்த வாய்க்கால் யாருக்கு, கோயிலுக்கு எவ்வளவு என்பதெல்லாம் பங்காளிகளின் கையில். பிராமணர்களும் வேளாளர்களும் இன்னும் சில சாதியினரும் மிராசுதார்களாக இருந்தார்கள். ஊரின் வரைபடத்திலேயே இந்த அதிகாரம் தெரியும். நடுவில் அக்கிரகாரமும் கோயிலும், தள்ளிக் குடியானத் தெரு, வயலைத் தாண்டி மேட்டுத் திடலில் சேரி. அந்தத் திடலும் மிராசுப் பங்கில் அடங்கியதுதான்.

அந்தத் திடலில் வாழ்ந்த பள்ளர், பறையர் சமூக மக்களில் பலர் அன்று சட்டப்படியே அடிமைகள். நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், அடகு வைக்கப்பட்டார்கள். 1819-இல் சென்னை வருவாய் வாரியம் தன் கலெக்டர்களிடம் அடிமை முறையைப் பற்றி அறிக்கை கேட்டது. அறிக்கைகள் வந்தன, வயலில் ஒன்றும் மாறவில்லை. ஏற்ற நேரத்தில் உழவும் நடவும் நடந்தால்தான் வரி வரும், ஆளைக் கட்டிவைத்தால்தான் அவை நடக்கும் என்ற கணக்கை மிராசுதாரும் போட்டார், சர்க்காரும் போட்டது.

1843-இல் ஐந்தாம் சட்டம் வந்தது. ஒருவரை அடிமை என்று உரிமை கொண்டாடி வழக்குப் போட்டால் இனி எந்த நீதிமன்றமும் அதை ஏற்காது என்றது. அடிமை வைத்திருப்பதை அது குற்றமாக்கவில்லை. அதற்கு இந்திய தண்டனைச் சட்டம் வரவேண்டியிருந்தது. அது 1862-இல் நடைமுறைக்கு வந்தது. ஆக, ஏட்டின்படி 1862-க்குப் பிறகு தஞ்சையில் அடிமை இல்லை. நீதிமன்றம் இருக்கும் ஊருக்கே போயறியாத ஒருவருக்கு இந்தச் செய்தியை யார் கொண்டுவந்து சொல்லியிருப்பார்கள்?

'அடிமை ஆள்' என்ற சொல் மறைந்தது, 'பண்ணையாள்' என்ற சொல் நின்றது. அடிமைக் கட்டு இருந்த இடத்தைக் கடன் நிரப்பியது. கலியாணத்துக்கு மிராசுதாரிடம் வாங்கிய கொஞ்சம் நெல்லும் பணமும் ஒரு தலைமுறையில் தீராது, மகன் தலையில் இறங்கும். கூலி நாள்தோறும் மரக்காலில் அளக்கும் நெல். அறுவடையின்போது களத்தில் கொஞ்சம் கூடுதல். சில பண்ணைகளில் தானே பயிரிட்டுக்கொள்ள ஒரு துண்டு நிலம். பிறகு குடிசை மனை. இவை யாவும் மிராசுதாரின் தயவாகவே வழங்கப்பட்டன, ஒன்றுக்கும் எழுத்து இல்லை. கடனை அடைத்துவிட்டுப் போகிறேன் என்று ஒருவர் நிமிர்ந்தால்கூட மனையை விட்டுவிட்டுத்தான் போக முடியும்.

இதே காலத்தில் வயலைச் சுற்றி உலகம் மாறிக்கொண்டிருந்தது. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். காவிரித் தண்ணீர் பள்ளமான கொள்ளிடத்துக்கு ஓடிப்போய் டெல்டா காய்ந்துபோகும் ஆபத்து அதனால் நீங்கியது. பாசனம் நிலைப்பட்டது, நிலத்தின் மதிப்பு ஏறியது. 1861-62-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில் ஓடியது. தஞ்சை நெல் நாகை வழியாகக் கடல் கடந்தது. இலங்கையின் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் தின்ற அரிசியில் ஒரு பகுதி இந்த வயல்களில் விளைந்ததுதான். பட்டா தனித்தனி ஆட்கள் பெயரில் எழுதப்பட, கரையீடு போன்ற கூட்டு வழக்கங்கள் தேய்ந்தன. நிலம் விற்கவும் வாங்கவும் அடகு வைக்கவும் ஏற்ற சரக்கானது. காட்டனை இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். அது நியாயமே. ஆனால் மேலணை கூட்டிக்கொடுத்த விளைச்சலில் சேரித் திடலுக்கு வந்த பங்கு என்ன என்று கேட்டால், கூடுதல் வேலை என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நாகப்பட்டினம் துறைமுகம் நெல்லை மட்டும் அனுப்பவில்லை, ஆளையும் அனுப்பியது. பினாங்குக்கும் மலேயாவின் தோட்டங்களுக்கும் கப்பல் ஏறியவர்களில் டெல்டாவின் நிலமற்ற உழைப்பாளிகள் ஏராளம். அங்கே காத்திருந்தது சுகமான வாழ்வு அல்ல. காய்ச்சலும் கங்காணியும் கடனும் அங்கேயும் உண்டு. ஆனாலும் போனார்கள். பண்ணையைவிட்டு வெளியேற அவர்களுக்குக் கிடைத்த ஒரே கதவு கடலாக இருந்தது. 1938-இல் இந்திய அரசு மலேயாவுக்கு உதவித்தொகையோடு கூலி ஆட்களை அனுப்புவதைத் தடை செய்தபோது அந்தக் கதவும் பெரும்பாலும் சாத்தப்பட்டது. போனவர்களில் திரும்பாதவர்கள் பலர். திரும்பினால் இறங்குவதற்கு அவர்களுக்கென்று ஊரில் ஒரு மனை இல்லை என்பதை நாம் போதிய அளவு நினைத்துப் பார்ப்பதில்லை.

மிராசுதார்களும் ஊரைவிட்டுப் போனார்கள், வேறு வழியில். கும்பகோணத்தில் 1854-இல் தொடங்கிய அரசுப் பள்ளி பின்னர் கல்லூரியாக வளர்ந்தது. அதில் படித்து வக்கீலாகவும் குமாஸ்தாவாகவும் தாசில்தாராகவும் ஆன பிள்ளைகள் சென்னைக்கும் அதற்கப்பாலும் குடிபெயர்ந்தார்கள். வயல் குத்தகைக்கோ, விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரத்துக்கோ விடப்பட்டது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. பர்மா அரிசி மலிவாக வந்து குவிந்தது. கடன் வாங்கியிருந்த மிராசுதார்கள் நிலத்தை இழந்தார்கள். அக்கிரகாரத்தில் பூட்டிய வீடுகள் தோன்றத் தொடங்கின. நிலம் கை மாறியது, சில ஊர்களில் சாதியும் மாறியது. புதிதாக வாங்கியவர் ஊரிலேயே இருந்து வரப்பில் நின்று வேலை வாங்குகிறவராக இருந்தபோது, சேரிக்கு அது நிம்மதி தரும் மாற்றமாக இருக்கவில்லை.

1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. பருவமழையின் மனநிலையை நம்பியிருந்த டெல்டாவுக்குத் தண்ணீர் வரும் நாள் குறிக்கப்பட்டது. ஜூன் 12 அந்த நாள். கல்லணைக் கால்வாய் வெட்டப்பட்டு ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் புஞ்சைகள் நஞ்சையாயின. குறுவை, அதை அறுத்த வயலிலேயே தாளடி என இரு போகம் பரவ வழி திறந்தது. ஒரு போகத்துக்குப் பதில் இரு போகம் என்றால் நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் தேவை இரட்டிக்கிறது. அதுவும் ஒரு சில நாட்களுக்குள், எல்லா வயலிலும் ஒரே நேரத்தில். அறுக்க வேண்டிய நாளில் ஆள் வரவில்லை என்றால் கதிர் உதிர்ந்துபோகும். முதல் முறையாகப் பண்ணையாளின் கையில் ஒரு துரும்பு கிடைத்தது. அது ஆயுதமாக மாற யாராவது வந்து கூட்டிச் சேர்க்க வேண்டியிருந்தது.

1943-இல் பி. சீனிவாச ராவ் வந்தார். தென் கன்னடத்தில் பிறந்த பிராமணர், கம்யூனிஸ்ட். தமிழைக் கற்றுக்கொண்டு சேரிகளில் தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரங்களில் விவசாயிகள் சங்கத்தை வளர்த்தார். மன்னார்குடிக்கு அருகில் உள்ள தென்பரையில் தொடங்கிய சங்கம் ஊர் ஊராகப் பரவியது. களப்பால் குப்பு போன்ற தலைவர்கள் அந்தச் சேரிகளிலிருந்தே எழுந்தார்கள். 1948-இல் குப்பு திருச்சிச் சிறையில் இறந்தார். மணலூர் மணியம்மை இளம் வயதில் விதவையான பிராமணப் பெண். கிராப்பு வெட்டி, வேட்டியும் ஜிப்பாவும் உடுத்திப் பண்ணையாட்களுக்காக ஊர் ஊராக அலைந்தவர்.

அவர்கள் எதை எதிர்த்தார்கள் என்பதை மென்மைப்படுத்திச் சொல்லக்கூடாது. தவறு செய்ததாகக் கருதப்பட்ட பண்ணையாளைச் சவுக்கால் அடிப்பதும், மாட்டுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைப்பதும் அன்றைய டெல்டாவில் வழக்கத்தில் இருந்த தண்டனைகள். கேம்பிரிட்ஜோடு ஒப்பிட்டுப் புகழப்பட்ட கும்பகோணம் கல்லூரியிலிருந்து சில மணி நேர மாட்டுவண்டித் தூரத்தில் இது நடந்தது. 1944-இல் மன்னார்குடியில் நிலவுடைமையாளர்களுக்கும் சங்கத்துக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாடு சாணிப்பாலையும் சவுக்கடியையும் நிறுத்தியது. அடிமை முறையைச் சட்டம் ஒழித்து 80 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இனி அடிக்கமாட்டோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வயதில் மூத்த பண்ணையாளை மிராசுதார் வீட்டுச் சிறுவன் பெயர் சொல்லி 'டேய்' என்று அழைத்த வழக்கத்தை எதிர்த்ததும், தோளில் துண்டு போட்டுக்கொண்டு தெருவில் நடந்ததும் கூலி உயர்வுக்குச் சமமான கோரிக்கைகளாகவே அந்த மக்களால் உணரப்பட்டன. கூலி வயிற்றுக்கு. துண்டு அதற்கும் மேலே ஒன்றுக்கு.

1948-இல் மாயவரம் உடன்பாடு கூலியைக் கூட்டியது. அதே ஆண்டுகளில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது, அடக்குமுறை கடுமையாக இருந்தது. ஆனால் 1952-இல் முதல் பொதுத்தேர்தல் வந்தபோது தஞ்சையில் கம்யூனிஸ்டுகள் பல இடங்களில் வென்றார்கள். வயதுவந்த எல்லோருக்கும் வாக்கு என்பது சேரித் திடலில் எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும்! முதலமைச்சரான ராஜாஜி, கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று அறிவித்தவர், அதே ஆண்டு ஆகஸ்டில் தஞ்சாவூர் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தார். மிராசுதார்கள் கொதித்தார்கள். பண்ணையாளை நினைத்தபோது நீக்கக்கூடாது, கூலி இன்ன அளவு, குத்தகையாளருக்கு விளைச்சலில் இன்ன பங்கு என்று அது வரையறுத்தது.

இந்தச் சட்டத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பண்ணையாள் என்ற மனிதரைப் பெயர் சொல்லிக் காப்பாற்ற முன்வந்த சட்டம் அது. ஆனால் அதில் பெரிய ஓட்டை இருந்தது. ஓர் ஊரில் ஒரு வேலிக்கு, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு, மேல் வைத்திருப்பவர்களுக்கே அது பொருந்தும். நிலத்தைப் பங்காளிகள் பெயரில் பிரித்து எழுதுவது மிராசுதார்களுக்குக் கைவந்த கலை. அதைவிட எளிய வழியும் இருந்தது: பண்ணையாளே வைத்துக்கொள்ளாமல், எல்லோரையும் அன்றாடக் கூலியாக மாற்றிவிடுவது. சில ஆண்டுகளில் பண்ணையாள் முறை டெல்டாவில் கரைந்துபோனது. வழிவழியான கட்டு அறுந்தது. அதோடு பஞ்ச காலத்தில் கிடைத்த கைமாற்று நெல்லும், துண்டு நிலமும், ஆண்டு முழுதும் வேலை என்ற உத்தரவாதமும் போயின. அவர்கள் சுதந்திரமான கூலிகள் ஆனார்கள். குடிசை மட்டும் அதே திடலில், அதே மிராசுதாரின் மண்ணில் நின்றது. 1955, 1956 ஆண்டுகளின் குத்தகைச் சட்டங்களும், 1961-இல் 30 தர ஏக்கர் (மண்ணின் தரத்தைக் கணக்கில் கொண்டு அளக்கும் ஏக்கர்) என்று வரம்பு கட்டிய நில உச்சவரம்புச் சட்டமும் குத்தகையாளரில் ஒரு பகுதியினரை உயர்த்தின. கோயில், மடம், அறக்கட்டளை நிலங்கள் உச்சவரம்புக்கு வெளியே நின்றன. திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் போன்ற பெரிய மடங்கள் உள்ள மாவட்டத்தில் இது சிறிய விலக்கு அல்ல. நிலமே இல்லாதவருக்கோ இந்தச் சட்டங்களில் பெரிதாக இடமில்லை.

1960-61-இல் இந்தியாவில் தீவிர வேளாண் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. உரம் வந்தது, பம்புசெட் வந்தது, ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுவை நெல் வந்தது. விளைச்சல் கூடியதைக் கண்ணால் கண்டவர்கள், களத்தில் நின்று அதை அடித்துக் கொடுத்தவர்கள், தங்கள் பங்கில் அரைப்படி கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்தார்கள். சங்கக் கூலிகளுக்குப் பதில் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். செங்கொடியை இறக்கிவிட்டு எங்கள் சங்கத்தில் சேர் என்று கட்டாயப்படுத்தினார்கள்.

1968 டிசம்பர் 25. நாகப்பட்டினம் வட்டத்தில் கீழ்வெண்மணி. இரவில் மிராசுதார்களின் ஆட்கள் சேரியைச் சூழ்ந்தார்கள். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். முடியாதவர்கள் தெருக்கோடியில் இருந்த ராமையாவின் குடிசைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். குடிசையைக் கொளுத்தினார்கள். 44 பேர் வெந்து மாண்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். 1973-இல் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுவித்தது. இத்தனை நிலமும் வசதியும் உள்ள செல்வந்தர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்னும் பொருள்பட அந்தத் தீர்ப்பு பேசியது. 44 உயிருக்கும் ஒருவரும் பொறுப்பில்லை என்றாகிப்போனதை இன்றும் ஆத்திரம் இல்லாமல் எழுத என்னால் முடியவில்லை.

அவர்கள் ஒளிந்தது ஒரு குடிசையில். கீற்றும் மூங்கிலும் மண்சுவரும். பூட்டவோ தாங்கவோ வலுவில்லாத ஒரு கட்டடம். மனை தனதில்லாதவர் கல்வீடு கட்டுவதில்லை. கட்ட முயன்றாலும் மண்ணுக்குச் சொந்தக்காரர் விடுவதில்லை.

வெண்மணிக்குப் பிறகு அரசு விரைந்தது. கணபதியா பிள்ளை குழு விசாரித்தது. 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1970-இல் நில உச்சவரம்பு 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் நிறையப் பேச்சு எழுந்தது. சத்தமில்லாமல் வந்த 1971-ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டத்தையே நான் இந்த இரு நூற்றாண்டுகளின் பெரிய திருப்பமாகக் கருதுகிறேன். 1961-இல் ஏற்கெனவே ஒரு சட்டம் குடியிருப்போரை வெளியேற்றுவதைத் தடுத்திருந்தது. இது ஒருபடி மேலே போய், அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழும் விவசாயக் கூலிக்கு அந்த மனையையே சொந்தமாக்கியது. எத்தனை ஏக்கர் பிடுங்கி எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்ற கணக்கில் இது அற்பமாகத் தெரியும். சில சென்ட் நிலம். ஆனால் 'குடிசையைப் பிரித்துக்கொண்டு போ' என்ற சொல்லின் பல் அன்றோடு பிடுங்கப்பட்டது. கூலி போதாது என்று காலையில் சொல்லிவிட்டு மாலையில் தன் வீட்டுத் திண்ணையில் படுக்கலாம். எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடலாம். பிள்ளையை மாடு மேய்க்க அனுப்பமாட்டேன், பள்ளிக்கூடம் அனுப்புகிறேன் என்று சொல்லலாம். பட்டா கைக்கு வரப் பல ஊர்களில் பல ஆண்டுகள் ஆயின, சங்கங்கள் மனு எழுதி அலைய வேண்டியிருந்தது. இருந்தாலும் வந்தது. பிறகு தொகுப்பு வீடுகள் வந்தன. கீற்று இருந்த இடத்தில் சிமெண்டு.

விளைநிலம் வந்தது மிகக் குறைவே. வெண்மணிக்குப் பிறகு கீழத்தஞ்சையில் தங்கிவிட்ட கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவருடைய கணவரும் காந்திய வழியில் போராடி, 1981-இல் உழுபவர் நில விடுதலை இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலவுடைமையாளரோடு பேசி, வங்கிக் கடன் பெற்று, வாங்கிய நிலத்தைக் கூலிப் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தார்கள். பெண்ணின் பெயரில் என்பது யோசித்துச் செய்த ஏற்பாடு. கடனுக்கும் குடிக்கும் நிலம் கைமாறிப் போகாமல் காக்க அது உதவும் என்பதை அந்தப் பெண்கள் நன்றாகவே அறிவார்கள்.

ஆனால் நிலத்தின் காலமே மாறிக்கொண்டிருந்தது. கர்நாடகத்தோடு காவிரித் தகராறு முற்றி, 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. ஜூன் 12 என்ற நாள் பல ஆண்டுகளில் தவறியது. குறுவை போனால் கூலிக்கு ஒரு போக வேலை போகிறது. பெண்கள் வரிசையாகக் குனிந்து செய்த நடவுக்கும், அரிவாள் பிடித்த அறுவடைக்கும் இயந்திரம் வந்தது. அறுக்கும் நாளில் ஆள் வரவில்லை என்றால் கதிர் உதிர்ந்துபோகும் என்ற அந்தப் பழைய துரும்பு, சங்கம் கட்டிக்கொடுத்த பலத்தின் அடிவேர், இப்போது இல்லை. மிராசுதாரின் பேரன் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார். பண்ணையாளின் பேரனும் ஊரில் இல்லை.

அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், அல்லது வளைகுடாவில் ஏதோ ஒரு கட்டட வேலையில். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தலைமுறை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது பின்னால் விட்டுச்சென்றது அடுத்தவர் திடலில் ஒரு கீற்றுக் கொட்டகையை. போன மறுநாளே அதில் வேறு ஆளைக் குடிவைத்துவிடலாம். பொங்கலுக்கு முந்தின இரவு திருப்பூரிலிருந்து வரும் பஸ் திருத்துறைப்பூண்டியைத் தாண்டி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பைகளோடு சிலரை இறக்கிவிட்டுப் போகிறது. இருட்டில் வாய்க்கால் கரையோடு நடந்து, அம்மா பெயரில் பட்டா உள்ள வீட்டின் கதவைத் தட்டுகிறார்கள்.